கார் ப்ளூடூத் கிட்: எதிர்முனையில் உட்கார்ந்து கேளுங்கள்

என் கார் ஸ்டீரியோவில் எஃப்எம் வரும், சிடி ஓடும், அதோடு சரி. ப்ளூடூத் கிடையாது. யுஎஸ்பி கூடக் கிடையாது. ஆனால் எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. போன் பேசுவதற்காக வண்டியை மாற்றுகிற ஆள் நான் இல்லை. டேஷ்போர்டைப் பிரித்துப் புது ஸ்டீரியோ மாட்டலாம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது ஒத்துவராது. சில நாள் என் வண்டியில் போவேன், சில நாள் ஆபீஸ் வண்டியில். இரண்டுக்கும் ஒரே கருவி வேண்டும், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிற மாதிரி.

மருத்துவமனைக் கருவிகளைச் சர்வீஸ் செய்வது என் வேலை. இசிஜி, பேஷன்ட் மானிட்டர், எக்ஸ்ரே என்று எல்லாம் வரும். ஓர் இடத்தில் வேலையை முடித்து அடுத்த இடத்துக்குக் கிளம்பினால், போன் அடிப்பது சரியாக அப்போதுதான். ஸ்டோரில் இருக்கும் அண்ணன் ஸ்பேர் பற்றிக் கேட்பார், வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டு மெஷினில் என்ன எரர் காட்டுகிறது என்று சொல்வார். எடுக்காமல் விட்டால் விடாமல் கூப்பிடுவார்கள். அதனால் போனைக் கையில் எடுக்காமல் பேச வைக்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் எனக்கு ஆடம்பரம் இல்லை, ஸ்குரூ டிரைவர் மாதிரி ஒரு டூல்.

கழற்றி மாட்டும் கிட் என்று தேடினால் நாலு ரகம் வருகிறது. காதில் மாட்டும் ஒற்றை ஹெட்செட்டை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் குரல் நன்றாகவே போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்காக மாட்டியிருந்தால் காது வலிக்கிறது, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் குழம்புகிறது. பிரான்ஸில் 2015 முதல் ஓட்டும்போது காதில் எதையும் மாட்டக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும், போனில் வரும் குரலைக் குட்டி ரேடியோ நிலையம் போல ஒலிபரப்பும். ஸ்டீரியோவை அதே அலைவரிசையில் வைத்தால் காரின் சொந்த ஸ்பீக்கர்களிலேயே குரல் கேட்கும். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் இதுவே போதும். பேசுவதற்குத்தான் சங்கடம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை காலியாக உள்ள ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அந்த இடத்தில் வேறொரு ஊரின் நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதிப் பேச்சில் சினிமாப் பாட்டு நுழைந்தால் யாரிடம் கோபித்துக்கொள்வது? அதைவிடப் பெரிய குறை மைக். அது கியர் லீவருக்குப் பக்கத்தில், சாக்கெட்டோடு சாக்கெட்டாக இருக்கிறது. வாயிலிருந்து மைக் இரண்டு மடங்கு தள்ளிப் போனால், வந்துசேரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். டயர் சத்தமோ எங்கே வைத்தாலும் அதே அளவுதான். ஆக, தள்ளிப் போகப் போகக் குரல் மெலிகிறது, இரைச்சல் அப்படியே நிற்கிறது.

ஸ்டீரியோவுக்கு வெளியிலிருந்து ஒயரில் ஒலி கொடுப்பதற்கான ஆக்ஸ் துளையில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் மூன்றாவது. ஆபீஸ் வண்டியில் ஆக்ஸ் இருப்பதால் அதில் போட்டுப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙீ...’ என்று ஒரு சத்தம் கூடவே ஏறியது. ரிசீவருக்குக் கரன்ட் போவது சாக்கெட் வழியாக, ஒலி போவது ஆக்ஸ் ஒயர் வழியாக. இரண்டு பக்கமும் எர்த் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதால், எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. நடுவில் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னச் சாதனத்தைப் போட்டால் அடங்கும். ரிசீவரைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி அதன் சொந்த பேட்டரியில் ஓட்டினாலும் அடங்கும். ஆனாலும் என் காரில் ஆக்ஸே இல்லை, அதனால் இந்தக் கதை இங்கேயே முடிகிறது.

கடைசியில் நான் வந்து நின்றது வைசர் கிட்டில். சோப்புப் பெட்டி அளவில், சன் வைசரில், அதாவது வெயிலை மறைக்க முன்கண்ணாடிக்கு மேலே இருந்து இறக்கும் பலகையில், கிளிப் போட்டு மாட்டுவது. ஸ்பீக்கர், மைக், பேட்டரி மூன்றும் அதற்குள்ளேயே இருப்பதால் காரோடு எந்தச் சம்பந்தமும் வேண்டாம். வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் மைக் இருக்கும். லாரியானாலும் வாடகைக் காரானாலும் வைசர் இருந்தால் போதும். இன்று ட்ரோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் பிரான்ஸின் பேரட் நிறுவனம், ட்ரோனுக்கு முன்னால் பெயர் வாங்கியது இந்தக் கார் கிட்களில்தான்.

ரகத்தை முடிவுசெய்வது சுலபம். அந்த ரகத்தில் எதை எடுப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் கிட்டைக் கையில் எடுத்ததும் செய்கிற முதல் வேலை, நம் போனில் ஒரு பாட்டைப் போட்டு ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது என்று கேட்பது. ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் நாம் சமாளித்துக்கொள்வோம். சத்தத்தைக் கூட்டலாம், கண்ணாடியை ஏற்றலாம். மைக் சுமாராக இருந்தால் கஷ்டப்படுவது எதிர்முனையில் இருப்பவர். அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, போனை வைப்பது. என்னிடம் முதலில் இருந்த கிட்டில் எனக்கு எல்லாம் கணீரென்று கேட்டது. ஸ்டோர் அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும், “என்ன தம்பி, கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?” என்பார். அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று கடையில் யாரும் காட்டுவதில்லை.

அதனால் இந்த முறை கடையில் சோதிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வாங்கி வந்து, என் தங்கையைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் வீட்டில் போனோடு உட்கார்ந்தேன். முதலில் வண்டியை நிறுத்தி வைத்துப் பேசச் சொன்னேன், பிறகு தெருவில், பிறகு நெடுஞ்சாலையில். ஏசி விசிறியை ஒன்றில் வை, மூன்றில் வை, கண்ணாடியை இறக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, “அண்ணா, இதெல்லாம் ஒரு வேலையா?” என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் எதிர்முனையில் உட்கார்ந்து கேட்டபோது தெரிந்த விஷயங்கள் எந்த அட்டைப்பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

தெருவில் குரல் தெளிவு. நெடுஞ்சாலையிலும் பரவாயில்லை, டயர் சத்தத்தைக் கருவி நன்றாகவே வடிகட்டியது. ஒரே சீராக வரும் இரைச்சல் என்றால் அதற்குச் சுலபம், எது இரைச்சல் என்று படித்துக்கொண்டு கழித்துவிடும். ஏசியை மூன்றுக்கு ஏற்றியதும்தான் குரல் நொறுங்கியது. தங்கையை ஓரமாக நிறுத்திப் பார்க்கச் சொன்னதில், ஏசி காற்று வரும் நடு வென்ட்டின் இறக்கைகள் மேலே பார்த்திருந்தன. காற்று கூரையில் மோதி நேரே வைசருக்கு வந்துகொண்டிருந்தது. மைக்கின் துளையில் காற்றே நேராக அடித்தால் எந்த வடிகட்டியும் உதவாது. இறக்கையைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள், சரியாகிவிட்டது. அதே காரணத்தால் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி திறந்திருந்தால் எந்த வைசர் கிட்டும் தோற்றுப்போகும். இரண்டு மைக் வைத்தவை கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

எதிரொலியும் அப்படித்தான். என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது என்று எதிர்முனை சொன்னால், அது அவர் போனின் குறை இல்லை, என் காரில் இருக்கும் கருவியின் குறை. ஸ்பீக்கரில் வரும் அவர் குரலை என் மைக் பிடித்து அவருக்கே திருப்பி அனுப்புகிறது. நல்ல கருவி, தான் ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். ஆனால் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினால் குட்டி ஸ்பீக்கர் கரகரக்கும். கரகரத்த ஒலி, அனுப்பிய ஒலி போல இருக்காது, கழித்தல் தப்பாகிவிடும். வால்யூமை உச்சத்திலிருந்து இரண்டு படி இறக்கினால் எதிர்முனைக்கு எதிரொலி போய்விடுவதை நானே கேட்டேன். எனவே ஸ்பீக்கர் பெரிதாக இருக்க வேண்டியது பாட்டுக்காக அல்ல. பாதி வால்யூமிலேயே போதுமான சத்தம் வர வேண்டும் என்பதற்காக.

சில கருவிகள் கழித்தல் வேலையையே செய்வதில்லை, ஒருவர் பேசும்போது மற்றவரின் வாயைக் கட்டிவிடுகின்றன. பழைய கிட் அந்த ரகம். அண்ணன் ஸ்பேர் எண்களை அடுக்கிக்கொண்டிருப்பார், நான் வழக்கப்படி “ம்” என்பேன். அந்த ஒரு “ம்”முக்காக அவர் குரல் சட்டென்று அறுபடும், நடுவில் இரண்டு எண் காணாமல் போகும். சரி, “ம்” போடாமல் இருப்போம் என்று வாயை மூடிக்கொண்டால், “ஹலோ, லைன்ல இருக்கியா?” என்று அவரே நிறுத்திவிடுவார். இதைச் சோதிப்பது சுலபம்: இருவரும் ஒரே நேரத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர் எண்ணுவது உங்களுக்குக் கேட்டால் கருவி தேறியது.

இப்போது அந்த அட்டைப்பெட்டி விவகாரத்துக்கு வருகிறேன். ப்ளூடூத் 5.0, 5.3 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பேசும் குரலுக்கும் அந்த எண்ணுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. 2016-இல் வந்த 5.0 தூரத்தையும் வேகத்தையும் கூட்டியது உண்மைதான், ஆனால் அதெல்லாம் கைக்கடிகாரம், சென்சார் போன்றவை பயன்படுத்தும் குறைந்த மின்சாரப் பகுதிக்கு. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கார் கிட்களில் பேச்சு போவது இன்னும் பழைய ப்ளூடூத் வழியில்தான்.

பார்க்க வேண்டிய எண் வேறு. போனும் கிட்டும் பேச்சைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறைக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல், சுருக்கமாக ஹெச்எஃப்பி, என்று பெயர். அது 1.6 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2011-இல் வந்த அந்தப் பதிப்பில்தான் எம்எஸ்பிசி என்ற கோடெக், அதாவது குரலைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் முறை, சேர்ந்தது. அதற்கு முன்னால் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்பினார்கள், இது 16,000 முறை அளக்கிறது. பழைய வழியில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவும் வராது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளை வேறுபடுத்துகிற சமாச்சாரம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. வார்டிலிருந்து சிஸ்டர் “எஸ் 12” என்றால் பழைய கிட்டில் அது ‘எஃப் 12’ஆகவும் கேட்கும். எங்கள் மெஷினில் ஒன்று சென்சார், மற்றொன்று ஃபேன். எடுத்துப்போக வேண்டிய ஸ்பேரே வேறு. புதுக் கிட்டில் அந்தக் குழப்பம் வருவதில்லை. ஆனால் அவர் போன், நெட்வொர்க், என் போன், கிட் ஆகிய நாலும் அகன்ற ஒலியைத் தாங்க வேண்டும். ஒன்று பழசாக இருந்தாலும் எல்லாம் பழையபடிதான். அட்டையில் ‘எச்டி வாய்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். எதற்கும் கையேட்டில் சரிபாருங்கள்.

மாட்டும் இடத்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சாயங்காலம் மேற்கே பார்த்து ஓட்டும்போது வைசரை இறக்கத்தானே வேண்டும்? மடித்திருந்தபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிட், இறக்கியதும் முன்கண்ணாடியைப் பார்க்கும், மைக்கும் கூடவே திரும்பிவிடும். கிட் காந்தத்தால் கிளிப்பில் ஒட்டுகிற ரகமாக இருந்தால், கழற்றி மறுபக்கம் ஒட்டலாம். என்னுடையது அப்படி இல்லை. நான் வைசரின் உள் ஓரத்தில், ரியர்வியூ கண்ணாடியை ஒட்டி மாட்டிவிட்டு, வெயில் வந்தால் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், கூலிங் கிளாஸைச் சொல்கிறேன்.

வெயில் என்றதும் பேட்டரி. மூடி நிறுத்திய கார் உள்ளே வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிவிடும், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் வைசருக்கு இன்னும் மோசம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வைசரிலேயே ஒயரை நிரந்தரமாகச் செருகி வைப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் செய்கிறார்கள். அப்புறம் பேட்டரி உப்பிவிட்டது என்பார்கள். நான் வெயிலில் நிறுத்தினால் கழற்றி எடுத்துக்கொள்கிறேன், சார்ஜ் போடுவது வீட்டில். இருபது மணி நேரப் பேச்சு என்று அட்டையில் போட்டிருந்தால் அது குறைந்த வால்யூமில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் துளை போனுக்குப் போடும் அதே டைப் சி ஆக இருந்தால் நல்லது. இதற்கென்று தனி ஒயர் சுமக்க வேண்டாம்.

கதவைத் திறந்த அதிர்வில் தானாக விழித்துக்கொண்டு போனோடு இணைகிற வசதி இருந்தால் தயங்காமல் காசு கொடுக்கலாம். ஆன் செய்ய மறந்துவிட்டு, போன் அடிக்கும்போது ஓட்டிக்கொண்டே பொத்தானைத் தடவுவதைவிட ஆபத்து வேறில்லை. பொத்தான்களையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். எடுக்கும் பொத்தான் பெரிதாகத் தனியாக இருக்க வேண்டும். தொடுதிரை போல வழுவழுவென்று இருப்பது காருக்கு ஆகாது. கூப்பிடுவது யார் என்று பெயரைச் சொல்லும் வசதியை நான் ஆசையாகத்தான் எதிர்பார்த்தேன். என் போனில் பெயர்களெல்லாம் தமிழில் இருக்கின்றன. என் கிட்டுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, பேசாமல் எண்ணை ஒப்பித்தது. அடிக்கடி கூப்பிடும் சில பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தேன். அது அவர்களை அழைக்கும் அழகை அவர்கள் கேட்காதவரை நல்லது. இரண்டு போன் வைத்திருப்பவர்களுக்கு மல்டிபாயின்ட் அவசியம். எனக்கு ஆபீஸ் போன் ஒன்று, சொந்தப் போன் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஒரு விஷயத்தை எந்தக் கிட்டும் தீர்க்காது. 1997-இல் ரெடல்மையர், டிப்ஷிரானி இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு, போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு ஆகிறது என்றது. கையில் பிடிக்காத போனிலும் அவர்கள் பெரிய நன்மை எதையும் காணவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் செய்த சோதனைகளும் அதையே காட்டின: கண் சாலையில் இருந்தாலும், பேச்சில் மூழ்கியவர் எதிரில் இருப்பதைப் பார்த்தும் பதிவு செய்துகொள்வதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் வளைவு வந்தால் தானே பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு வளைவு தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். ‘எஸ்’ஸா ‘எஃப்’ஆ என்று யோசித்து முடிப்பதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது: எடுப்பேன், “ஓட்டிட்டு இருக்கேன், என்ன விஷயம்னு மட்டும் சொல்லுங்க” என்பேன். எரர் கோட், எண், முகவரி என்று ஏதாவது வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மீதி. சிஸ்டர்களுக்கு இது பழகிவிட்டது. கிட் இருப்பதால் பேச்சு நீளக் கூடாது, சுருங்க வேண்டும் என்பது என் கணக்கு. எதிர்முனைக்கு முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்டால், திரும்பத் திரும்பச் சொல்கிற நேரம் மிச்சம்.

பழைய கிட்டை என்ன செய்வது என்று கேட்டால், யாருக்காவது கொடுங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் போனில் உள்ள ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள், கிட்டையும் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். நான் என் பழையதை மச்சானுக்குக் கொடுத்தேன். ஒரு நாள் வீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று எதிர்முனைக் குரல் நின்றுபோனது. ‘ஹலோ ஹலோ’ என்று நான் கத்திக்கொண்டிருக்க, வாசலில் வந்து நின்ற மச்சான் காரிலிருந்து எங்கள் ஆபீஸ் மேனேஜரின் குரல் தெருவுக்கே கேட்டது. “மாமா, உங்க மேனேஜர் உங்களைத் தேடுறார்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.